பட்டியலில் இல்லாத மொழி

இற்றை நாளில் ஒரு பெருங்கட்டடம் செங்கல்லாலும் சுண்ணத்தாலும் இரும்பாலும் மட்டும் நிற்பதன்று. அதற்கு நரம்புகள் உண்டு, மூச்சும் உண்டு. கூரைக்கு மேல் ஓடும் காற்றுக் குழாய்களுக்குள் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் உணரிகள் இருக்கின்றன. குளிர்நீர் வரும் குழாயில் ஓர் அடைப்பிதழும், அதன் தலைமேல் அதனைத் திறந்து மூடும் இயக்கி ஒன்றும் அமர்ந்திருக்கின்றன. சுவரோரத்து இரும்புப் பெட்டிக்குள் கட்டுப்படுத்தி ஒன்று, உணரி சொல்வதைக் கேட்டு இயக்கிக்கு ஆணையிட்டுக்கொண்டே இருக்கிறது. அறுவை அறையின் காற்று எத்துணை முறை மாற வேண்டும், மருந்தறை எத்துணைக் குளிராக இருக்க வேண்டும், தீப்பற்றினால் எந்தப் படிக்கட்டுக்குள் புகை நுழையாமல் காக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் நடத்துபவை இச்சிறு உறுப்புகளே. கட்டடத்தில் இருப்போர் இவற்றைக் காண்பதில்லை. இவற்றுள் ஒன்று கெட்டுப்போன அன்றுதான், கண்ணுக்குத் தெரியாத ஓர் உலகம் தம்மைச் சுற்றி இயங்கிக்கொண்டிருந்தது என்பதை உணர்கின்றனர்.

இக்கலை பிறந்தது ஒரு பள்ளிக்கூடத்தில். அமெரிக்க நாட்டு விசுகான்சின் மாநிலத்தில், வைட்டுவாட்டர் என்னும் ஊரின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் வாரன் சான்சன் என்பார் பேராசிரியராக இருந்தார். பள்ளிப் பணியாள் ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, மீண்டும் அடித்தளத்துக்கு இறங்கிச் சென்று உலைக்காற்றைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பாடம் இடையிடையே அறுந்தது. அறையின் வெப்பநிலை மாறினால் அடித்தளத்தில் மணியடிக்கும் மின்கருவி ஒன்றைச் சான்சன் செய்து, 1883-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1885-இல் மில்வாக்கி நகரில் அவர் பெயரால் ஒரு குழுமம் எழுந்தது. அன்று ஒரு மணியாக இருந்த கருவிக் குடும்பம் இன்று பல்லாயிரம் உறுப்புகளாகப் பெருகிவிட்டது. அடித்தளத்தில் நிற்கும் பணியாள் மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறார். மணி அவர் செவியில் விழத்தான் செய்கிறது. கெட்ட உறுப்பின் பெயர் யாது, அதற்கு ஈடான உறுப்பைத் தேடி எடுப்பது எப்படி என்பதை அவர் மொழியில் சொல்வாரில்லை.

இவ்வுறுப்புகளைத் தேடும் இடம் பொருட்பட்டியல். முன்னாளில் அது செங்கல் பருமனில் அச்சிட்ட நூலாக இருந்தது; முகவர் ஆண்டுக்கொரு முறை கொண்டுவந்து கொடுப்பார். இன்று அது இணையத்தில் இருக்கிறது. பன்னாட்டுக் குழுமம் ஒன்றன் பட்டியலைத் திறந்தால் முதற்கண் அது கேட்பது இரண்டு செய்திகள்: நின் நாடு யாது? நின் மொழி யாது? செருமானியம், பிரெஞ்சு, இத்தாலியம், எசுப்பானியம், தேனியம், பின்னியம், போலந்தியம், சீனம் என்று மொழிகள் வரிசையாக நிற்கும். இந்தியா என்று நாட்டைச் சொன்ன அளவிலேயே மொழி வினாவுக்கு விடை முடிந்துவிடும், ஆங்கிலம்! யாம் திறந்து பார்த்த எந்தப் பட்டியலிலும் தமிழைக் கண்டதில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் 6 கோடியே 90 இலக்கம் மக்கள் தாய்மொழியாகக் கொண்ட மொழிக்கு அங்கே ஒரு வரி இடமில்லை.

"இதில் என்ன குறைந்துவிட்டது? உறுப்புகளின் பட்டியலில் மொழிக்கு என்ன வேலை? எல்லாம் எண்கள்தாமே! தொழில்நுட்பத்தில் மொழிப்பற்றை நுழைக்காதீர்" என்று நம்மவருள்ளேயே மேதைகள் சிலர் உரைக்கின்றனர். இவர்கள் அப்பட்டியலைத் திறந்து ஓர் உறுப்பையேனும் தாமே தேடிப் பார்த்தவர்கள் அல்லர் என்று துணிந்து கூறலாம். தேடிப் பார்ப்போம், வருக.

காற்றுக் குழாயில் உள்ள தடுப்பிதழைத் திருப்பும் இயக்கி ஒன்று எரிந்துவிட்டது என்று கொள்க. அதனைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும் தொழிலாளர், பத்தாண்டுகளாக அதனைத் தொட்டுப் பழகியவர். எப்பக்கம் திரும்பும், எத்துணை நேரத்தில் திரும்பும், எந்தக் கம்பி எதற்கு என்பதெல்லாம் அவர் விரல்களுக்குத் தெரியும். பட்டியலோ அவர் விரல்களைக் கேட்பதில்லை, வினாக்களை அடுக்குகிறது. முறுக்குவிசை எத்துணை? 5, 10, 20, 40 நியூட்டன் மீட்டர் என்று படிகள் உள. 5 என்பது ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர்ப் பரப்புள்ள தடுப்பிதழுக்குப் போதுமானது என்பது பொதுக் கணக்கு. பரப்பு இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். மின்னழுத்தம் 24 வோல்ட்டா, 230 வோல்ட்டா? ஆணைக் குறிப்பு திற, மூடு என்னும் இருநிலையா, அன்றி 0 முதல் 10 வோல்ட்டு வரை ஏறி இறங்கிப் படிப்படியாகத் திருப்புவதா? இவற்றுக்கு அடுத்து வருவதே தலையாய வினா. மின்னாற்றல் நின்றுபோனால் இதழ் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டுமா, உள்ளிருக்கும் வில்லின் விசையால் தானே மூடிக்கொள்ள வேண்டுமா?

இக்கடைசி வினாவில் உயிர் இருக்கிறது. தீயின்போது புகையைத் தடுக்க வேண்டிய இதழ், மின்சாரம் அறுந்தவுடன் வில்விசையால் மூடியாக வேண்டும். வில் உள்ள இயக்கியும் இல்லாத இயக்கியும் தொலைவிலிருந்து பார்ப்பார்க்கு ஏறத்தாழ ஒரே பெட்டிதான். படத்தைப் பார்த்து வாங்குபவர் வில் இல்லாததை வாங்கிவிடக் கூடும். அது நாள்தோறும் நன்றாகவே வேலை செய்யும். தீப்பற்றும் நாளில் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அவ்வேறுபாட்டைப் பட்டியல் சொல்லத்தான் செய்கிறது. இரண்டே சொற்களில், ஆங்கிலத்தில், பதினைந்து வரிகளுக்குக் கீழே சொல்கிறது. எண்களால் மட்டும் ஆனது பட்டியல் என்போரே, அவ்விரு சொற்களையும் எந்த எண்ணால் எழுதுவீர்?

எண்களின் கதையும் அத்துணை எளிதன்று. நீர் அடைப்பிதழைத் தேடுங்கால் 'கே-வி-எசு' என்றொரு மதிப்பைப் பட்டியல் கேட்கும். இதழ் முழுதும் திறந்திருக்க, அதன் இரு பக்கத்து அழுத்த வேறுபாடு 1 பார் ஆக இருக்கும்போது, ஒரு மணி நேரத்தில் எத்துணைக் கன மீட்டர் நீர் ஓடும் என்பதே அம்மதிப்பு. சுருளுக்கு மணிக்கு 4 கன மீட்டர் நீர் வேண்டும், இதழில் 0.16 பார் அழுத்தம் விழலாம் என்று வைத்துக்கொண்டால், 0.16-இன் இருபடி மூலம் 0.4, 4-ஐ 0.4-ஆல் வகுக்க 10 வரும். பட்டியலில் 4, 6.3, 10, 16, 25 என்று ஏறும் வரிசையில் 10-ஐ எடுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குத்தான் இது. தமிழ்வழியில் படித்த எந்தப் பிள்ளையும் ஒரு மணித்துளியில் போட்டுவிடும். ஆனால் கணக்கு இன்னது என்பதை அப்பிள்ளைக்குத் தமிழில் சொன்னவர் எவர்? சொல்லாத கரணியத்தால், குழாயின் விட்டம் என்னவோ அதே விட்டத்தில் இதழையும் வாங்கிப் பொருத்துகின்றனர். பெரிதான இதழ் சிறிதே திறந்தவுடன் வேண்டிய நீர் முழுதும் பாய்ந்துவிடும். பிறகு திறப்பதும் மூடுவதுமாக நாள் முழுதும் ஆடிக்கொண்டிருக்கும். அறையில் ஒரு நேரம் நடுக்கம், மறுநேரம் புழுக்கம். பழி இயக்கியின்மேல் விழும், இயக்கியை மாற்றுவர், புதியதும் ஆடும். இன்னுமொன்று: அமெரிக்கப் பட்டியல்கள் இதே மதிப்பைக் காலன் கணக்கில் வேறோர் எழுத்தால் குறிக்கின்றன. அங்கே 10 என்பது இங்கே 8.65. எண் ஒன்றுதான், பொருள் வேறு! எண்ணுக்கு மொழி இல்லை என்போர் இதற்கு என்ன சொல்வர்?

உணரிகளின் வஞ்சகம் இதனினும் பெரிது. வெப்பம் ஏறினால் மின்தடை குறையும் உணரி வகை ஒன்றுண்டு. 25 பாகையில் 10,000 ஓம் தடை தருவது எங்கும் பரவலானது. பட்டியலில் '10,000 ஓம்' என்று தேடினால் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். அவற்றுள் இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று இரண்டு உள. 25 பாகையில் இரண்டும் ஒன்றே. 0 பாகையில் ஒன்று ஏறத்தாழ 32,650 ஓம்; மற்றொன்று 29,490 ஓம். ஒரு வகைக்கென அமைத்த கட்டுப்படுத்தியில் மற்றொரு வகையைக் கொண்டுபோய்ப் பொருத்தினால், அறை வெப்பத்தில் சரியாகவே காட்டும். பார்த்தவர் நிறைவுற்றுப் போய்விடுவார். குளிர்நீர்க் குழாயிலோ ஒரு பாகைக்கும் மேலாகப் பொய் சொல்லும். அப்பொய்யை நம்பி குளிரூட்டும் பெரும்பொறி அளவுக்கு மீறி ஓடும். எங்கும் எதுவும் உடைந்ததாகத் தெரியாது. மின்கட்டணம் மட்டும் ஏறியிருக்கும். ஏன் ஏறியது என்று எவரும் அறியார்.

தமிழன்பர்களே, உறுப்பைத் தொட்டு வேலை செய்பவர் ஒருவர், உறுப்பைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுப்பவர் மற்றொருவர் என்று தொழிலே இரண்டாகப் பிளந்து கிடப்பது இதனாற்றான். முதலாமவர் ஏணியின்மேல் நிற்கிறார்; இரண்டாமவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அறிவில் ஏற்றத்தாழ்வு இருப்பதாகச் சொல்ல முடியாது. ஏணியில் நிற்பவரின் பட்டறிவு பல நேரங்களில் மிகுதியானதே. இடையில் நிற்கும் சுவர், சொல். அச்சொல்லை அறிந்த முகவர் ஒருவர் நடுவில் நுழைகிறார்; தம்மிடம் உள்ளதையே ஏற்றது என்கிறார்; மறுப்பதற்குத் தொழிலாளரிடம் சொல் இல்லை. ஓராயிரம் உறுப்புகள் விரிந்து கிடக்கும் பட்டியல் அவருக்கு முகவர் கையில் இருக்கும் மூன்று உறுப்புகளாகச் சுருங்கிவிடுகிறது.

இதற்கு மருந்தாகச் சிலர் ஒலிபெயர்ப்பை நீட்டுகின்றனர். வால்வு, சென்சார், ஆக்சுவேட்டர், டேம்பர் என்று தமிழெழுத்தில் எழுதிவிட்டால் போதுமாம்! கடைத்தெருவில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. உருண்டையை உள்ளே கொண்ட அடைப்பிதழைப் 'பால் வால்வு' என்று எழுதி வைத்திருக்கின்றனர். அது பாலுக்கா, நீருக்கா என்று புதிதாய் வந்த பயிற்சியாளர் கேட்டால் நகைப்பர். நகைக்க வேண்டியது எழுதி வைத்தவரைப் பார்த்தன்றோ! உருண்டை இதழ், வண்ணத்துப்பூச்சி இதழ் என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பதன் வடிவம் பெயரிலேயே தெரியும். ஆங்கிலேயன் தன் குழந்தைக்குத் தெரிந்த சொற்களைக்கொண்டே தன் கருவிகளுக்குப் பெயரிட்டிருக்கிறான். பந்து, வண்ணத்துப்பூச்சி, வாயில், வில். அவன் பிள்ளைக்குப் பட்டியல் பாதி புரிந்த நிலையிலேயே தொடங்குகிறது. நம் பிள்ளைக்கு அதே சொற்கள் ஒலிக்கூட்டங்களாக வந்து மனப்பாடமாக நிற்கின்றன.

வேறு சிலர் பொறிமொழிபெயர்ப்பைக் காட்டுகின்றனர். ஒரு பொத்தானை அழுத்தினால் பட்டியல் முழுதும் தமிழாகிவிடுமாம். இதழின் தண்டு மேலும் கீழும் செல்லும் தொலைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பக்கவாதத்தையும் குறிக்கும். வில்லைக் குறிக்கும் சொல்லே இளவேனிலையும் ஊற்றையும் குறிக்கும். எந்தப் பொருள் எங்கே என்று முன்னமே ஒருவர் வரையறுத்து வைக்காத மொழியில் பொறி என்ன செய்யும்? குறிபார்க்கும். வில்விசையால் மூடும் இயக்கியை இளவேனிலில் திரும்பி வருவதாக அது எழுதிவிட்டால், தமிழில் எழுதப்பட்ட பட்டியல் கிடைத்தும் பயனில்லை. பொறியை நாம் வேண்டா என்கவில்லை. சொல்லை நாம் ஆக்கித் தந்தாலன்றி அதனால் நமக்கு ஆவதொன்றில்லை என்கிறோம்.

இனி, தமிழில் ஒரு பட்டியல் இயலுமா என்னும் வினாவுக்கு வருவோம். இயலும் என்பதற்கு அப்பட்டியல்களின் அமைப்பே சான்று. மின்பொருள்களையும் கட்டடப் பொருள்களையும் வகைப்படுத்த 'எட்டிம்' என்னும் முறை ஒன்று உண்டு. 1991-இல் நெதர்லாந்தில் தொடங்கியது. அதில் ஒவ்வோர் உறுப்பு வகைக்கும் இரண்டு எழுத்தும் ஆறு எண்ணும் கொண்ட ஒரு குறியீடு கொடுக்கப்பட்டிருக்கிறது. முறுக்குவிசை, மின்னழுத்தம் போன்ற இயல்புகளுக்கும் அவ்வாறே தனித்தனிக் குறியீடுகள். கணிப்பொறி அறிவது அக்குறியீட்டை மட்டுமே. அதற்கு எதிரே, டச்சு மொழியில் இன்ன பெயர், செருமானியத்தில் இன்ன பெயர் என்று பத்திகள் இருக்கின்றன. பார்ப்பவர் தம் மொழியைச் சொன்னால் அப்பத்தி கண்முன் வரும். தமிழுக்கு வேண்டியது அவ்வட்டவணையில் ஒரு பத்தி! கருவியை மாற்ற வேண்டா. மென்பொருளைத் திருத்த வேண்டா. தமிழ் எழுத்துகள் 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றவை. கட்டடக் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள வகுக்கப்பட்ட 'பேக்நெட்டு' நெறிமுறை 1987-இல் தொடங்கப்பெற்று, 1995-இல் வெளிவந்து, 2003-இல் பன்னாட்டுத் தரமும் ஆயிற்று. அதுவும் இன்று பெயர்களை ஒருங்குறியில் எழுத இடந்தருகிறது. 'நான்காம் மாடி, வடக்கறை, வெப்பநிலை' என்று தமிழிலேயே ஓர் உணரிக்குப் பெயரிடலாம். பொறி மறுக்கவில்லை. பெயரிடுவாரைத்தான் காணோம்.

பிற மக்கள் இதனை எங்ஙனம் செய்துகொண்டனர்? குழுமங்களின் அருளுள்ளத்தால் என்று எண்ணற்க. ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்திரங்களுக்கான 2006-ஆம் ஆண்டின் நெறியாணை, பொருளை விற்கும் நாட்டின் ஆட்சிமொழியில் கையேடு உடன் வரவேண்டும் என்று கட்டளையிட்டது. அதற்கு மாற்றாக 2023-இல் இயற்றப்பட்ட ஒழுங்குமுறையும் மொழிக் கட்டளையைக் கைவிடவில்லை. ஏறத்தாழ 13 இலக்கம் மக்களே வாழும் எசுத்தோனியாவின் மொழியும், 5 இலக்கத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் மால்டாவின் மொழியும் ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளுள் நிற்பவை. அங்கே பொருளை விற்க விரும்பும் குழுமம் மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி கொடுக்கிறது, கொடுத்துவிட்டு விற்கிறது. எவரும் தொழில்நுட்பம் கெட்டுவிட்டது என்று அலறவில்லை.

கியூபெக்கின் கதையை நம்மவர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். கனடா நாட்டின் அம்மாநிலத்தில் பிரெஞ்சு பேசுவோரே பெரும்பான்மையர். ஆனால் தொழிலகத்தின் மேசைமொழி ஆங்கிலமாக இருந்தது. பிரெஞ்சுக்காரர் தரையில் வேலை பார்த்தனர். ஆணைகளும் கையேடுகளும் ஆங்கிலத்தில் மேலிருந்து வந்தன. 1977-இல் இரெனே இலெவெக்கின் ஆட்சியில், கமிலு லோரான் என்னும் அமைச்சர் முன்னின்று பிரெஞ்சு மொழிப் பட்டயச் சட்டத்தை நிறைவேற்றினார். அவர் உளநோய் மருத்துவர். ஒரு மக்களினம் தன் மொழியை வேலையிடத்தில் மறைத்துக்கொண்டு வாழ்வதன் நோய் யாது என்று அறிந்திருப்பார் போலும். அச்சட்டத்தின் 51-ஆம் பிரிவு பொருளின்மேல் உள்ள எழுத்தும் உடன்வரும் கையேடும் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்றது. 52-ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. பொருட்பட்டியல்களும் விளக்க ஏடுகளும் பிரெஞ்சில் இருத்தல் வேண்டும் என்பது. பொருட்பட்டியல் என்ற சொல்லையே சட்டத்தில் எழுதி வைத்தனர்! கருத்தூன்றிக் காண்க; ஒரு மொழி வீட்டிலும் பாட்டிலும் வாழ்ந்தால் போதும் என்று அவர்கள் கருதவில்லை. திருகாணியின் பெயர் வரை அது சென்றாக வேண்டும் என்று கண்டனர். 2022-இல் அச்சட்டத்தை மேலும் இறுக்கினர். சட்டத்தோடு நில்லாமல், கலைச்சொற்களைத் தொகுத்து எவரும் விலையின்றிப் பார்க்கும் பெருவைப்பகம் ஒன்றையும் அவர்களின் மொழி அலுவலகம் நடத்தி வருகிறது. சட்டம் ஒரு கால், சொல் மறுகால்.

ஐசுலாந்தை நினைக்குந்தோறும் நமக்கு நாணம் வருகிறது. அந்நாட்டு மின்பொறியாளர்கள் தம் துறைக்கெனச் சொற்குழு ஒன்றை 1941-இல் அமைத்துக்கொண்டனர். அன்று அந்நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ 1 இலக்கத்து 20 ஆயிரம். நம் நடுத்தர நகரம் ஒன்றன் தொகை அது. இலக்கணப் புலவர்கள் வந்து சொல்லட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கம்பியைத் தொடுபவர்களே சொல்லையும் தொட்டனர். சுவிட்சர்லாந்தில் 1975-இல் தோன்றித் தடுப்பிதழ் இயக்கிகளில் உலகப் பெயர் பெற்ற குழுமம் பெலிமோ. அப்பெயர் எங்கிருந்து வந்தது? கருத்துரைத்தல், கொண்டு சேர்த்தல், பொருத்துதல் என்னும் மூன்று செருமானிய வினைச்சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்தது. தாய்மொழி வினைச்சொற்களை வைத்து உலகெங்கும் விற்கிறார்கள். நம் ஊரில் இரண்டு குழாய் விற்பவர்கூடத் தம் கடைக்கு ஆங்கிலத்தில் பெயர் தேடி அலைகிறார்.

நம் நாட்டுச் சட்டம் யாது கூறுகிறது? பொதிந்து விற்கும் பண்டங்களின்மேல் எழுத வேண்டியவற்றைத் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ, அன்றி ஆங்கிலத்திலோ எழுதுக என்று 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகள் விதிக்கின்றன. பிற மொழிகளில் கூடுதலாக எழுதிக்கொள்ளத் தடையில்லையாம்! எழுதியாக வேண்டும் என்பது இரண்டு மொழிகளுக்கு. எழுதினால் எழுதிக்கொள் என்பது தமிழுக்கு. தொழிலகங்களுக்கென்றே விற்கப்படும் பொதிகளோ அவ்விதிகளுக்குள்ளேயே வாரா. இச்சட்டம் தில்லியில் இயற்றப்பட்டது. அதனை மாற்றும் ஆற்றல் இன்று நம் கையில் இல்லை. ஆனால் நம் கையில் உள்ளதையேனும் நாம் ஆள்கின்றோமா? தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. அரசு மருத்துவமனைகளும் நூலகங்களும் அலுவலக மாளிகைகளும் அரசின் பணத்தில் எழுகின்றன. அவற்றுக்குக் குளிரூட்டும் பொறிகளையும் கட்டுப்பாட்டு உறுப்புகளையும் ஒப்பந்தப்புள்ளி கேட்டே வாங்குகின்றனர். ஒப்பந்தப்புள்ளிகளுக்கென 1998-ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் உண்டு. ஒரு கட்டடத்துக்குத் தரும் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர், அளவு, பொருத்தும் முறை, பேணும் முறை ஆகியவற்றைத் தமிழிலும் தருக என்று ஒப்பந்த விதிகளில் ஒரு வரி சேர்ப்பதற்குத் தில்லியைக் கேட்க வேண்டா. வாங்குபவன் கேட்டால் விற்பவன் தருவான். இதுவரை கேட்கப்படவில்லை என்பதே உண்மை.

கேட்பதற்கு முன், கொடுப்பதற்கு நம்மிடம் சொல் இருக்க வேண்டுமல்லவா? இங்கே நம் வீட்டையும் சற்றுக் கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கிறது. தமிழில் அறிவியல் இயலுமா என்று இன்றும் ஐயுறுவார்க்கு, 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டதைச் சொன்னால் போதும். 1916-இல் சேலத்தில் அறிவியற் சொற்களுக்கெனவே ஒரு கழகம் தோன்றி இதழும் நடத்தியது. பாவாணர் 1974-இல் இயக்குநராகப் பொறுப்பேற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் இன்றும் இயங்குகிறது; அவ்வியக்ககம் 'சொற்குவை' என்னும் தொகுப்பை இணையத்திலும் வைத்திருக்கிறது. ஆகவே சொல் இல்லை என்பது பொய். ஒரு பொருளுக்கு நாலு சொல்லும், நாலு பொருளுக்கு ஒரு சொல்லுமாகக் கிடக்கிறது என்பதே மெய்.

எடுத்துக்காட்டாக, வால்வு என்பதற்கு 'ஓரதர்' என்னும் சொல்லை நம்மவர் ஆக்கினர். அதர் என்பது வழி; ஒரே வழியில் செல்லவிடுவது ஓரதர். அழகிய சொல். நீர் திரும்பி வராமல் தடுக்கும் கருவிக்கு அது மிகப் பொருந்தும். ஆனால் பட்டியலில் இருவழி, மூவழி, ஆறுவழி என்றெல்லாம் கருவிகள் வருகின்றன. மூவழி ஓரதர் என்று எழுதிப் பாருங்கள்! சொல்லே தன்னைத்தான் மறுத்துக்கொள்கிறது. இதனாற்றான் இக்கட்டுரையில் அடைப்பிதழ் என்றே எழுதி வந்தோம். ஓரதரை ஒருவழிக் கருவிக்கு ஒதுக்கிவிடலாம் என்பது நம் கருத்து. 'இயக்கி' என்பதற்கும் இடர் உண்டு. கணிப்பொறித் துறையார் அச்சொல்லை மென்பொருள் ஒன்றுக்கு முன்னமே எடுத்துக்கொண்டனர். கட்டுப்பாட்டுப் பட்டியலில் கருவியும் மென்பொருளும் அடுத்தடுத்து நிற்பதால் தேடுவார் குழம்புவர். கருவிக்கு 'திருப்பி' என்றோ 'இதழியக்கி' என்றோ கொள்ளலாமா என்பதைப் பட்டறையில் உள்ளோர் சொல்ல வேண்டும். புலவர் ஆக்கிய சொல்லைத் தொழிலாளர் நாவில் இட்டுப் பார்க்காமல் நூலில் அடைத்துவைப்பது நமது பழங்குறை. ஒவ்வொரு சொல்லையும் முன்னே சொன்ன எண் குறியீட்டோடு இணைத்து வைத்தல் மற்றொரு கடமை. இணைத்துவிட்டால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பது தானே நிலைபெறும். எந்தக் குழுமமும் அதனை அப்படியே எடுத்துத் தன் பட்டியலில் இட்டுக்கொள்ளலாம். தமிழில் சொல் கிடைக்கவில்லை என்னும் சாக்கும் ஒழியும்.

முதற்படியாக, இக்கட்டுப்பாட்டு உறுப்புகளில் அடிக்கடி வரும் நான்கனுக்கு ஏற்ற சொற்களை நம் அன்பர்கள், சிறப்பாகக் குளிரூட்டித் தொழிலிலும் குழாய்த் தொழிலிலும் உள்ளோர், எழுதி விடுக்க வேண்டுகிறோம். குழாயின் அழுத்தம் ஏறினும் இறங்கினும் தன்வழி ஓடும் நீரின் அளவை மாறாமல் காக்கும் அடைப்பிதழ் ஒன்று. எதிர் நின்று தள்ளும் நீரை வென்று இதழை முழுதும் மூட இயக்கியால் இயலும் உச்ச அழுத்தம் இரண்டு. ஒரு நெறிமுறையில் பேசும் கருவியை வேறு நெறிமுறையில் பேசும் கருவியோடு உரையாட வைக்கும் இடைப்பெட்டி மூன்று. சூடாக்கலும் குளிர்த்தலும் இரண்டும் இயங்காமல் ஓய்ந்திருக்கும்படி நடுவில் விட்டுவைக்கும் ஒன்றிரண்டு பாகை வெப்ப இடைவெளி நான்கு. இந்நான்காவதற்கு ஆங்கிலத்தார் 'செத்த பட்டை' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கின்றனர். 'ஓய்வெல்லை' என்று ஒன்று எமக்குத் தோன்றுகிறது. இதனினும் நல்லது வேலையிடத்தில் ஏற்கெனவே எவர் வாயிலேனும் வழங்குமாயின் அதனையே எழுதுக. ஊரும் தொழிலும் குறித்து எழுதினால் சொல்லோடு சேர்த்து வெளியிடுவோம்.